எல்லை தாண்டிப் பார்த்த படம்

நாகர்கோவில்காரனுக்குச் சென்னை ஏறக்குறைய 700 கிலோ மீட்டர் தூரம். திருவனந்தபுரம் 70 தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. சேர்ந்தது நியாயம். அதற்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் தூரத்தின் கணக்கு அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. பேச்சிலும் எழுத்திலும் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்; பெரிய ஆஸ்பத்திரிக்கும், விமானம் ஏறுவதற்கும், நல்ல சினிமாவுக்கும் திருவனந்தபுரத்துக்காரர்களாகவே இருந்துவருகிறோம்.

அந்த நல்ல சினிமா வருஷத்தில் ஒரு வாரம் மொத்தமாக வந்து இறங்குகிறது. கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கிற்று. 1998-இல் கேரள மாநில சலச்சித்ர அக்காதமி ஏற்பட்ட பிறகு அதுவே விழாவை நடத்திவருகிறது. திருவனந்தபுரம்தான் விழாவின் ஊர். டிசம்பர்தான் அதன் மாதம். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று தியேட்டர்களும் ஒரே கட்டடத்தில் எதிரே நிற்கும். கழுத்தில் டெலிகேட் பாஸும் தோளில் துணிப்பையுமாகக் கல்லூரிப் பையன்கள், குமாஸ்தாக்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ரிட்டையரானவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 2013-இல் கொரிய டைரக்டர் கிம் கி-டுக் அந்த ஊருக்கு வந்தபோது, நம் ஊரில் கதாநாயகனுக்குக் கூடுகிற கூட்டம் அவருக்குக் கூடிற்று. அவருடைய சொந்த நாட்டில்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கூட்டம் ஒரே நாளில் கூடியதல்ல. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா பிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். பிற நாட்டுப் படங்களைத் தருவித்து, சின்னக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி, பேசி, சண்டை போட்டுப் பார்வையாளர்களை உண்டாக்கினார்கள். அதைப் பின்பற்றி ஊர் ஊராகச் சொசைட்டிகள் வந்தன. சினிமாவை எடுக்கிறவர்களைப் போலப் பார்க்கிறவர்களையும் தயாரித்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. நாமும் சினிமா பார்க்காதவர்கள் அல்ல. நம்மைப்போல் சினிமா பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. சென்னையிலும் 2003 முதல் ஒரு சர்வதேச விழா நடந்துவருகிறது. ஆனால் நம் பட்டணங்களில், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நின்று அதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடும் பழக்கம், இலக்கியத்துக்கு ஏற்பட்ட அளவுக்குக்கூட சினிமாவுக்கு ஏற்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் இந்த விழாவுக்குப் பல வருஷங்களாகப் போய்வருகிறேன். விமர்சனங்களும் எழுதுகிறேன். இந்தக் கட்டுரை ஒரு படத்தைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தைப் பற்றியது. அது தப்பான விமர்சனம். எப்படித் தப்பாயிற்று என்று யோசித்துப் பார்த்ததில், அது ஒரு படத்தைப் பற்றிய தப்பு மட்டும் அல்ல என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

என்னோடு விழாவுக்கு வருகிறவர் எங்கள் தெருக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மலையாளம் எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் திரையின் அடியில் ஓடுகிற வாசகம் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். ‘அப்போ எப்படி அண்ணாச்சி படம் புரியுது?’ என்று முதல் வருஷம் கேட்டேன். ‘முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னவன் வே. ஆள் மொகத்தப் பாத்தா எங்க எறங்குவான்னு தெரியும். இது தெரியாதா?’ என்றார். நான் சிரித்தேன். நல்ல வேடிக்கைப் பேச்சு என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர் சொன்னது வேடிக்கை அல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.

2022-ஆம் வருஷ விழா, தொற்றுக்காலத்தின் குழப்பத்தில் தள்ளிப்போய், மார்ச் 18-இல் தொடங்கி 25 வரை நடந்தது. நல்ல வெயில். முகக் கவசத்துக்குள் வேர்த்து ஊற்றிற்று. தொடக்கப் படம் வங்காள தேசத்தின் ‘ரெஹானா மரியம் நூர்’. வெடிகுண்டில் இரண்டு கால்களையும் இழந்த குர்திஷ் டைரக்டர் லிசா சலான் விழாவுக்கு வந்து கௌரவம் பெற்றார். தங்கப் பரிசான சுவர்ண சகோரத்தை ‘கிளாரா சோலா’ என்ற கோஸ்டாரிக்கப் படம் வாங்கிற்று. போட்டியில் ஒரு தமிழ்ப் படமும் இருந்தது: பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’. அதற்கு முந்தின வருஷமே ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் விழாவில் புலிப் பரிசு பெற்ற படம். ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுதான். தமிழ்ப் படம் ஒன்றைப் பார்க்கத் தமிழன் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறதே என்று நான் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனேன். பேசுவதற்கு நல்ல விஷயம் அது.

திரைப்பட விழாவுக்கென்று சில வியாதிகள் உண்டு. போகிறவர்களுக்குத் தெரியும். முதலாவது, அதிகம் பார்ப்பது. காசு கொடுத்து வாங்கிய பாஸுக்கு வஞ்சகமில்லாமல், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரை நாலு, ஐந்து படம் பார்த்துவிடுகிறோம். ஐந்து நாவலை ஒரே நாளில் படித்துவிட்டு ஐந்தாவதைப் பற்றி எழுதுகிற விமர்சகனை யாராவது நம்புவார்களா? சினிமா விமர்சகனை நம்புகிறார்கள். இரண்டாவது, வரிசையில் கேட்ட அபிப்பிராயம். ‘அதுவா, பிரமாதம்’, ‘அதுவா, முதல் அரை மணியில் எழுந்து வந்துவிட்டேன்’ என்று படம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகள் காதில் விழுந்துவிடும். நாம் பார்ப்பது படத்தை அல்ல, அந்த இரண்டில் எது சரி என்பதை. மூன்றாவது, பெரிய பரிசு பெற்ற படத்தை மெச்சினால் மந்தையில் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம். இது எழுத்தாளனுக்கே உரிய வியாதி.

அன்று எனக்கு மூன்றும் இருந்தன. ‘கூழாங்கல்’ அன்றைய நாலாவது படம். மத்தியானம் சாப்பிடவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் ‘வறுமையை வெள்ளைக்காரனுக்கு விற்கிற படம்’ என்று இங்கிலீஷில் சொன்னது காதில் கிடந்தது.

கதை சின்னது. மதுரை ஜில்லாவின் வறண்ட ஊர் ஒன்றில் கணபதி என்ற குடிகாரன். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கணபதி பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை அழைத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போகிறான். அங்கே போனால் அவள் ஏற்கெனவே புறப்பட்டுத் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். சண்டை. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். தகப்பனும் மகனும் கொதிக்கிற வெயிலில் ஊர் திரும்பி நடக்கிறார்கள். படம் மொத்தம் ஒன்றேகால் மணி நேரந்தான். அதில் பெரும்பகுதி நடைதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது பொய். படித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மூன்று படங்கள் அடியில் ஓடிய இங்கிலீஷைப் படித்துப் பழகிய கண், தமிழ்ப் படத்திலும் அடியையே பார்த்தது. கணபதியின் வசவுகளை, மதுரைப் பக்கத்து வாயிலிருந்து வருகிற அந்தச் சூட்டோடு காதால் கேட்காமல், நாலு எழுத்து இங்கிலீஷ் வசவாகக் கண்ணால் வாசித்தேன். தாய்மொழிப் படத்தை மொழிபெயர்ப்பில் பார்த்த பெருமை என்னைச் சேரும். எலி பிடித்துச் சுட்டுத் தின்கிற குடும்பம் ஒன்று வந்தபோது, வரிசையில் நின்றவர் சொன்னது சரிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் படம் ஓடிற்று; நான் விமர்சனத்தின் முதல் வாக்கியத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பினோம். நெய்யாற்றின்கரை வரை நான்தான் பேசினேன். வறுமையைக் காட்டுவது கலை ஆகிவிடாது, நடப்பதைக் காட்டினால் அது பயணம் ஆகிவிடாது, ஐரோப்பிய விழாக்களுக்கு இந்தியா என்றால் வெயிலும் பட்டினியுந்தான், இத்தியாதி. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

‘என்ன அண்ணாச்சி, ஒறங்கியாச்சா?’

‘இல்ல.’ கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: ‘மேலூர் ரோட்டுல ஒருத்தன நான் எறக்கி விட்டிருக்கேன் வே. இதே மாதிரி வெயிலு. கையில ஒரு பய. டிக்கெட்டுக்குக் காசு கொறையுது. செக்கிங் வருதுன்னு தகவலு. எறங்குடேன்னுட்டேன். ஒண்ணும் சொல்லல்ல அவன். பயதான் என்னையப் பாத்தான்.’

‘அதுக்கும் படத்துக்கும் என்ன அண்ணாச்சி?’

‘அவன் எம்புட்டுத் தூரம் நடந்தான்னு நான் நெனச்சதே இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்.’

களியக்காவிளையில் பஸ் நின்றது. டீ குடித்தோம். எனக்கு அவர் சொன்னது மனசைத் தொட்டது என்பது உண்மை. ஆனால் இது சொந்த அனுபவத்தின் உருக்கம், கலையின் மதிப்பீடு வேறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பத்திரிகைக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். ‘ஏற்றுமதிக்குத் தயாரான வறுமை’ என்று அதில் ஒரு பிரயோகம் இருந்தது. நண்பர்கள் அதைப் பாராட்டினார்கள். பத்திரிகை வந்ததும் அண்ணாச்சியிடம் ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

‘நல்லா எழுதியிருக்கீரு. ஆனா நீரு படத்தப் பாக்கல்ல வே.’

அவ்வளவுதான் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரில் அடுத்த விழா வந்தது. அவர் வரவில்லை, முழங்கால் வலி என்றார். வலி உண்மையாகவும் இருக்கலாம். நான் தனியாகப் போனேன். ஒரு படத்தைப் பற்றியும் எழுத ஓடவில்லை.

இந்த இடத்தில் வேறொரு படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ 1981-இல் வந்தது. மறு வருஷம் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் அதற்கு சதர்லாண்டு கோப்பை கொடுத்தது. பல வருஷங்களுக்கு முன் அதைத் திருவனந்தபுரத்தில் பார்த்தேன். க்ஷீணித்த ஒரு தறவாட்டு வீடு. உண்ணி என்ற காரணவர். அவருடைய தங்கை ராஜம்மா வீட்டு வேலையெல்லாம் செய்து தேய்ந்துபோகிறாள். ஒரு மாடு உள்ளே வந்து நின்றால் அதை விரட்டக்கூட உண்ணி தங்கையைத்தான் கூப்பிடுவார். எலி பொறியில் விழுவதும், அதைக் கொண்டுபோய்க் குளத்தில் முக்குவதும் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் உண்ணியும் அந்த எலிதான். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அதை நான் நன்றாக எழுதியதற்குக் காரணம் என் கலை ஞானம் என்று நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளருக்குள் மருமக்கள் வழி இருந்தது. 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தோடுதான் அது ஒழிந்தது. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று அந்த முறையைக் கேலி செய்து ஒரு நூலே எழுதினார். சொத்து தாய் வழி, அதிகாரம் அம்மானுக்கு. எங்கள் பாட்டி வீட்டில் ஒரு காரணவரைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திராதவர்; தன் கையால் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தறியாதவர்; சகோதரிகளின் பிள்ளைகளை ஆட்டிவைத்தவர். உண்ணி திரையில் நாற்காலியில் சாய்ந்தபோது எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. சென்னையில் இருந்து எழுதிய விமர்சகர்களுக்கு அந்த வீடு குறியீடாகப் பட்டது. எனக்கு அது வீடாகவே பட்டது. அதனால்தான் அந்தக் கட்டுரையில் உயிர் இருந்தது.

ஆக, பாட்டி வீட்டுக் காரணவரை வைத்துக்கொண்டு நான் ‘எலிப்பத்தாயம்’ பார்த்தால் அது ரசனை. மேலூர் ரோட்டில் இறக்கிவிட்ட பையனை வைத்துக்கொண்டு அண்ணாச்சி ‘கூழாங்கல்’ பார்த்தால் அது வெறும் உருக்கம். இப்படித்தான் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். ஒருவன் தன் வாழ்க்கையில் கண்டதைத் திரையில் அடையாளம் காண்பது இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் இவ்வளவுதான்: என் ஞாபகத்தில் ஒரு வீடும் நாற்காலியும் நிலமும் இருந்தன. அவருடைய ஞாபகத்தில் வெயிலும் ரோடும் இருந்தன. நடுத்தர வர்க்கத்து விமர்சகனுக்குத் தன் வீட்டு ஞாபகம் கலையாகத் தோன்றும். ரோட்டில் நிற்கிறவனின் ஞாபகம் வறுமையாகத் தோன்றும். இந்தக் குறை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

2023 அக்டோபர் கடைசியில் ‘கூழாங்கல்’ இணையத்தில் வந்தது. நாகர்கோவில் தியேட்டர் எதிலும் அதை நான் கண்டதில்லை. அண்ணாச்சியின் மகன் வீட்டில் பெரிய டெலிவிஷன் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கேட்டுக்கொண்டு போனேன். சாப்பிட்டாயிற்று. அன்றைக்கு வேறு படம் கிடையாது. அடியில் ஓடுகிற எழுத்தை நிறுத்திவிடச் சொன்னேன்.

அதே படம்தான். நான் வேறு எதையோ பார்த்திருக்கிறேன் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

முதலில், நடை. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் வந்தபோது, நம்மவர்களை உலுக்கிய படம் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அதிலும் ஒரு தகப்பனும் மகனும் நடக்கிறார்கள். ரோம் நகரமெல்லாம் நடந்து, கடைசியில் தகப்பன் அவமானப்பட்டு நிற்கும்போது பையன் அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். அந்தக் கை நம்மை அழவைக்கிறது, ஆறுதலும் தருகிறது. ‘கூழாங்க’லில் அந்தக் கை கிடையாது. தகப்பன் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். நடுவில் எப்போதும் ஒரு தூரம். அந்தத் தூரந்தான் படம். அது சில இடங்களில் சுருங்குகிறது, சில இடங்களில் நீளுகிறது. அடிக்குப் பயந்த பிள்ளை எவ்வளவு தூரத்தில் நடக்கும் என்பது அடிபட்டவனுக்குத் தெரியும். டைரக்டருக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, பணத்தைக் கிழிக்கிற பையன். முதல் தடவை அதைச் சிறுபிள்ளைத்தனமான ஆத்திரம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால், வீட்டுக்குப் போய்த் தாய் அடிபடுகிற நேரத்தைத் தள்ளிப்போட ஒரு சிறுவனால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். பஸ் அரை மணியில் கொண்டுபோய் விட்டுவிடும். நடந்தால் தகப்பனின் கோபம் வழியிலேயே கொஞ்சம் வேர்வையாகப் போய்விடும். அவன் அப்படி யோசித்துச் செய்தான் என்று படம் சொல்லவில்லை. யோசிக்காமலே பிள்ளைகளுக்குத் தெரியும்.

மூன்றாவது, தலைப்பு. வழியில் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். தாகத்துக்கு அது ஒரு கைவைத்தியம்; வாய் ஊறும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை ஓரிடத்தில் போடுகிறான். அங்கே ஏற்கெனவே அதுபோல் கற்கள் குவிந்து கிடக்கின்றன. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை. அண்ணாச்சி கவனித்திருந்தார். ‘அம்புட்டுத் தடவ நடந்திருக்கான்’ என்றார், திரையைப் பார்த்தபடியே. ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரு சொல் பேசாமல் ஒரு கற்குவியலில் சொல்லிவிடுகிறார் டைரக்டர். நாவலாசிரியன் இதைச் சொல்ல ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்வான். நான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது, பெண்கள். கதையெல்லாம் ஒரு பெண்ணைத் தேடித்தான் நடக்கிறது; அவளைப் பற்றித்தான் தகப்பன் வழியெல்லாம் கத்துகிறான். அவளோ நம் கண்ணுக்கு எட்டாமலே இருக்கிறாள். கடைசியில் தரையில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறுவதற்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். காமிரா அவசரப்படுவதில்லை. ஆண் நாளெல்லாம் கோபத்தைச் செலவழித்துக்கொண்டு நடக்க, பெண்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு விற்பதற்காக எடுத்தவன் அழுகையில் முடித்திருப்பான். இதில் அழுகையே இல்லை.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். கணபதியின் கோபம் ஒரே ஸ்தாயியில் இருக்கிறது. அவனும் ஒரு காலத்தில் கல் பொறுக்கிய பையனாக இருந்திருப்பான் என்பதற்கு ஒரு கீற்றாவது கிடைத்திருக்கலாம். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். ‘அது நெசந்தான்’ என்று ஒப்புக்கொண்டார். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற குறையை ஒப்புக்கொள்ள அவருக்குத் தயக்கம் இல்லை.

இன்னொரு மனிதரின் ஞாபகமும் வருகிறது. அவரும் எங்கள் ஜில்லாக்காரர்தான். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று அழைக்கப்படும் ஜே. சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். கேபிடல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது 1928-இல் என்று சிலரும் 1930-இல் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். பி. கே. ரோசி என்ற தலித் பெண் அதில் நாயர் பெண்ணாக நடித்திருந்தாள். அது பொறுக்காமல் கூட்டத்தில் கலகம் செய்தார்கள். திரையில் கல்லெறிந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ரோசி ஊரை விட்டே ஓடவேண்டியதாயிற்று. அவள் வந்து சேர்ந்தது நாகர்கோவில் பக்கம் என்றும், பிறகு வேறு பெயரில் வாழ்ந்தாள் என்றும் அவளைத் தேடி எழுதியவர்கள் சொல்கிறார்கள். டேனியல் பணத்தை இழந்து, பல் வைத்தியம் செய்து பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். 1992-இல் கேரள அரசு தன் மிகப் பெரிய சினிமா விருதுக்கு அவர் பெயரை வைத்தது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று கல்லெறிந்தவர்கள் ‘விகதகுமார’னைப் பார்க்கவில்லை. திரையில் ஓடியது படம். அவர்கள் பார்த்தது நடித்தவளின் ஜாதி. கையில் கல் இருந்தது அவர்கள் அதிருஷ்டம். குற்றம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விமர்சகன் பேனாவால் எறிந்தால் அதற்கு நடை அழகு என்று பெயர் வந்துவிடுகிறது. நான் செய்தது அவர்கள் செய்ததற்குச் சமம் என்று சொல்லவில்லை. அது பெரிய கொடுமை, இது ஒரு சின்னப் பத்திரிகையில் வந்த அரைப் பக்கம். ஆனாலும் வேர் ஒன்றுதான்: திரையில் இருப்பதைப் பார்க்காமல், நாம் கொண்டுபோனதைப் பார்ப்பது.

அப்படியானால் ஒன்றும் கொண்டுபோகாமல் வெறும் கண்ணோடு போவது எப்படி என்று வாசகர் கேட்கலாம். முடியாது. அண்ணாச்சியும் மேலூர் ரோட்டைக் கொண்டுதான் போனார். வித்தியாசம், அவர் கொண்டுபோனதைப் படம் கேள்வி கேட்க விட்டுவிட்டார். அந்தப் பையன் எவ்வளவு தூரம் நடந்தான் என்று முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நினைக்காதவர், ஒன்றேகால் மணி நேரத்தில் நினைத்தார். நான் கொண்டுபோனது வரிசையில் கேட்ட ஒரு வாக்கியம். அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து அச்சில் போட்டேன். கலை ஒருவனிடம் என்ன செய்யும் என்பதற்கு அவர் சாட்சி; விமர்சனம் அதைச் செய்யவிடாமல் எப்படித் தடுக்கும் என்பதற்கு நான்.

இப்போது சில விதிகள் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் இல்லை. மத்தியானம் சாப்பிட்டாக வேண்டும். வரிசையில் யாராவது அபிப்பிராயம் சொன்னால் வேறு பேச்சுப் பேசுவது. தமிழோ மலையாளமோ ஆனால் திரையின் அடியைப் பார்ப்பதில்லை. அன்று ராத்திரி எழுதுவதில்லை. கூட வந்தவர் என்ன பார்த்தார் என்று கேட்காமல் எப்போதுமே எழுதுவதில்லை. இவை பெரிய கலைத் தத்துவங்கள் அல்ல. ஆனால் இவற்றைக் கடைப்பிடித்திருந்தால் அந்தக் குறிப்பு வந்திருக்காது.

அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் கட்டுரைகளை யாராவது தொகுதியாகப் போட்டால் அதைச் சேர்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதுவும் இருக்கட்டும், பக்கத்தில் இதுவும் இருக்கட்டும்.

2023 டிசம்பர் விழாவுக்கு அண்ணாச்சி மறுபடி வந்தார். முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது. காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ‘இன்னிக்கு எத்தன படம் வே?’ என்று கேட்டார்.

‘மூணு, அண்ணாச்சி.’

‘போதும்’ என்றார்.